பெட்ரோல் தீர்ந்து நடு ரோட்டில் நின்ற கதை உங்களிடமும் இருக்குமே?

பதினான்கு வருஷம் ஸ்ப்ளெண்டர் ஓட்டியவன் நான். அதில் பெட்ரோல் முள்ளை நான் மதித்ததே கிடையாது. போய்க்கொண்டிருக்கும்போதே வண்டி இரண்டு தடவை இருமும். இடது கை தானாக முழங்காலுக்குக் கீழே போய் பெட்ரோல் காக் என்ற திருகைக் கடைசி மிச்சமான ரிசர்வுக்குத் திருப்பும். வண்டி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் பங்க்குக்குப் போனால் போதும்.

2021-ல் புது வண்டி வாங்கினேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்ததிலிருந்து பெரும்பாலான பைக்குகள், பெட்ரோலைப் பம்ப் வைத்துப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுத்த கார்புரேட்டரும் போச்சு, காக்கும் போச்சு. மீட்டரில் கடைசிக் கட்டம் மினுக்கினால் அதுதான் ரிசர்வ்.

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். பாடியிலிருந்து அசோக் நகருக்கு 100 அடி ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்தே மினுக்கல்தான். 'இன்னும் முப்பது கிலோமீட்டர் தாங்கும்' என்று எனக்கு நானே வாக்கு கொடுத்துக்கொண்டு மூன்று பங்க்குகளைத் தாண்டியிருந்தேன். கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு எதிரே 2021-ல் திறந்தார்களே, அந்த மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இருமியது. இடது கை சட்டென்று கீழே போய் எதையோ தேடியது. அங்கே திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல.

அந்தப் பாலம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். வண்டியில் போனால் ஒரு நிமிஷம். தள்ளிக்கொண்டு ஏறினால் கைப்பிடிச் சுவரில் எத்தனை வெடிப்பு என்று எண்ணலாம். உச்சிக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து நியூட்ரலில் விட்டேன். இறங்கி, சமதளத்தில் கொஞ்சம் உருண்டு, அரும்பாக்கம் பக்கம் நின்றுபோனது.

மறுபடி இறங்கித் தள்ள ஆரம்பித்து நூறடி கூடப் போயிருக்க மாட்டேன். முதுகில் சதுரப் பையோடு ஸ்கூட்டரில் ஒரு டெலிவரி பையன் பக்கத்தில் வந்தான். "இன்னாண்ணா, பெட்ரோலா? ஏறிக் குந்துண்ணா." நான் பதில் சொல்லும் முன்பே இடது காலைத் தூக்கி என் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துவிட்டான்.

இது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள், நிச்சயமாக ஆபத்துதான். ஆனால் மெட்ராஸில் வண்டி ஓட்டுகிறவர்களில் ஒரு தடவையாவது தள்ளாதவரோ தள்ளப்படாதவரோ உண்டா? தள்ளுகிறவர் வலப்பக்கம் அரை வண்டி பின்னால் வருவார். தள்ளு ஒரு பக்கமாக விழுவதால் ஹேண்டில் இடப்பக்கம் இழுக்கும், இறுக்கிப் பிடிக்க வேண்டும். நீங்களாக பிரேக் போடக் கூடாது. வேகத்தடை வந்தால் அவன் "வுட்றேண்ணா!" என்று கத்திக் காலை எடுப்பான், தாண்டியதும் மறுபடி வைப்பான். அவன் செருப்பு என் சைலன்சர் பக்கம் சாய்ந்தபோதெல்லாம் ரப்பர் கருகும் வாசனை வந்தது.

வடபழனியில் முதல் பங்க்கில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அடுத்ததுவரை தள்ளினான். நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. "ஆர்டர் லேட்டு ஆவுதுண்ணா" என்று பறந்துவிட்டான். அன்றைக்கு அந்தப் பக்கம் ஆறிப்போன பரோட்டா சாப்பிட்டவர் இதைப் படித்தால், மன்னிக்கவும், காரணம் நான்தான்.

●

என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் திருவொற்றியூர்க்காரன். தொண்ணூறுகளில் எனக்கு டி.வி.எஸ். 50. மணலி ரிஃபைனரி சுவரை ஒட்டிய ரோட்டிலேயே ஒரு ராத்திரி பெட்ரோல் தீர்ந்தது. 1969-லிருந்து ஊருக்கே பெட்ரோல் வடிக்கிற இடம். உள்ளே புகைபோக்கி உச்சியில் தீ நின்று எரிகிறது, வெளியே எனக்கு ஒரு சொட்டு இல்லை. ஆனால் அந்த வண்டிக்கு பெடல் உண்டே! சைக்கிள் மாதிரி மிதித்தே பங்க்குவரை போனேன். ஆயில் கலந்து போடச் சொன்னபோது வாயில் வார்த்தை வரவில்லை, அவ்வளவு மூச்சிரைப்பு.

●

உங்கள் இருவருக்கும் ரோட்டில் தீர்ந்தது, எனக்குத் தீர்ந்தது பங்க் வரிசையிலேயே. 2015 டிசம்பர் வெள்ளம், ஆதம்பாக்கம். மழை விட்டு இரண்டாம் நாள் ஒரு பங்க்கில் ஸ்டாக் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு மாமி சொல்ல, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று தெரு தாண்டி வரிசை. கால் மணி நேரத்தில் வண்டி காலி. ஆனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எல்லோருமே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் நகர்ந்தார்கள், அதனால் யாருடையது காலி என்று யாருக்கும் தெரியாது. ஏ.டி.எம். எதுவும் ஓடவில்லை. பெண்ணின் உண்டியலை உடைத்து எடுத்துப் போன சில்லறைதான் கையில். பங்க் பையன் ஒரு ரூபாய் நாணயங்களாக எண்ணி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஹாரன். எண்ணி முடித்து, "அக்கா, ரெண்டு ரூபா ஜாஸ்தி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான்.

●

முதலில் எழுதிய தம்பிக்கு. இருபத்தைந்து வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் திட்டலாமா? கடைசிக் கட்டம் மினுக்க மினுக்க நாள் முழுக்க ஓட்டாதீர்கள். புது வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே முழுகி இருக்கிறது. அதன் சூட்டை ஆற்றுவது பெட்ரோல்தான். அடிக்கடி வறண்டு ஓடினால் பம்ப் போய்விடும், செலவு ஆயிரக்கணக்கில். ஊற்றிய பிறகும் உடனே செல்ஃபை அமுக்காதீர்கள். சாவியை இரண்டு மூன்று தடவை போட்டு அணையுங்கள். ஒவ்வொரு தடவையும் டேங்க்கில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கும், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. டேங்க், சேசிஸ் குழாயின் மேல் சேணம் மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறது. காக் பெரும்பாலும் இடப்பக்கம். ரிசர்வும் தீர்ந்த பிறகு வலப்பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும். வண்டியை இடப்பக்கமாகப் படுக்கிற அளவுக்குச் சாய்த்து நிமிர்த்தினால் அது இந்தப் பக்கம் வழிந்து வரும். ஒரு கிலோமீட்டராவது ஓடும்.

முன்பெல்லாம் வழியில் நிற்பவருக்கு என் வண்டியின் கார்புரேட்டர் டியூபைக் கழற்றித் தண்ணி பாட்டிலில் கால் லிட்டர் பிடித்துக் கொடுப்பேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதைச் செய்ய நினைக்காதீர்கள். டியூபில் பிரஷர் இருக்கும், மூஞ்சியில் அடிக்கும்.

●

திட்டியதற்கு நன்றி அண்ணே. மறுநாளே ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டேன். அந்தச் சாய்க்கிற வித்தை பற்றி ஒரு சந்தேகம். பாலத்து உச்சியில் ராத்திரி பத்தரை மணிக்கு வண்டியைப் படுக்க வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தால், பார்க்கிறவர்கள் 108-க்கு அல்லவா போன் போட்டிருப்பார்கள்?