ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகலை: பேச்சை எங்க ஆரம்பிக்கறதுங்க?

நொய்யல்கரை: திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆளுங்க வர்ற கிளினிக்குல கவுன்சலிங். டைலர், செக்கிங் வேலை பாக்கற பெண்கள் உடம்பெல்லாம் குத்தல், படபடப்பு, கிறுகிறுப்புன்னு வர்றாங்க. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈசிஜி எல்லாம் நார்மல். "மன அழுத்தம் இருக்குங்களா"ன்னா, "எனக்கென்ன பைத்தியமா"ன்னு முகம் சுண்டிருது. வேற எப்படிக் கேக்கறதுங்க?

பவானிசாகர்: அந்த வார்த்தையே வேண்டாமுங்க. கவலைக்கு நம்மூர்ல சொல்ற "வெசனம்" போதும், அதுல நோய்ப் பேர் ஒட்டலை. ஆனா அதையும் எடுத்ததும் கேக்காதீங்க. முதல் 10 நிமிஷம் வலி மட்டும்: எங்க, எப்ப, எந்த நேரம் கூடுது. அப்புறம், "வலி நிஜமுங்க. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்ச மாதிரி நரம்பு அதைப் பெருசாக் காட்டுது"ன்னு சொல்லுங்க. "ஒண்ணுமில்லை"ன்னு சொன்னா, அடுத்த ஸ்கேனுக்குக் கிளம்பிருவாங்க.

பெறகு, "இது ஆரம்பிச்சப்ப வீட்ல என்ன நடந்துட்டு இருந்துச்சு?" கடன் பேச்சு வந்ததும் கை கழுத்துக்குப் போச்சுன்னா, அங்கயே நிறுத்தி, "இப்ப வலி எப்படிங்க?" வலிக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் முடிச்சை அவங்களே போடட்டும். நீங்க போட்டா குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும்.

கொடிவேரி: உணர்ச்சிக்குப் பேர் வெச்சதோட நிறுத்தினா பாதி வேலைதான். லம்லி, ஷூபினர்னு ரெண்டு பேர் உருவாக்கின, அடக்கி வெச்ச உணர்ச்சியை வெளிய சொல்ல வைக்கற சிகிச்சை முறையில, மனசைப் புண்படுத்தின ஆள் எதிர்ல இருக்கறதா நெனச்சு, சொல்லாம விட்டதைச் சத்தமாச் சொல்ல வைப்பாங்க. முதல்ல கோவம் வரும், பின்னாடியே குத்த உணர்ச்சி, அழுகை. கோவத்தோட வீட்டுக்கு அனுப்பிராதீங்க, கடைசி 15 நிமிஷம் மிச்சம் வைங்க. இதெல்லாம் அறைக்குள்ள மட்டும். அடிக்கற புருஷன்கிட்டப் போய்ச் சொல்லச் சொன்னா, அடி வாங்கறது அவங்கதான். அன்னிக்கு ராத்திரி வலி கூடலாம், முன்னாடியே சொல்லிருங்க.

2024ல வந்த அமெரிக்க ஆய்வுல, நாள்பட்ட வலி இருந்த 126 முன்னாள் படைவீரர்கள்ல, வலி 30% குறைஞ்சவங்க இந்த முறையில 63%, சிபிடியில (எண்ணம், பழக்கத்தை மாத்தற வழக்கமான பேச்சு சிகிச்சை) 17%. அவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க, 60 வயசு தாண்டினவங்க. பவர் டேபிள்ல (தையல் மெஷின்ல) உக்காந்திருக்கற நம்ம பெண்களுக்கு அப்படியே பொருத்திராதீங்க.

நொய்யல்கரை: மாமியார் கூடவே உக்காந்துட்டா?

பவானிசாகர்: எல்லாருக்கும் ஒரே விதி: கூட வந்தவங்க முதல் 5 நிமிஷம், அப்புறம் வெளிய. ஒருத்தருக்கு மட்டும் சொன்னாத்தான் சந்தேகம் வரும்.

சிறுவாணி: பாதம் எரிச்சல்னா வைட்டமின் பி12 பாத்தாச்சுங்களா? எடை குறையறது, விடாத காய்ச்சல், மலத்துல ரத்தம், ஒரு பக்கம் மரத்துப் போறது இருந்தா டாக்டர்தான் முதல்ல. வயித்தெரிச்சல்னதும் மனக்குறைன்னு எடுத்துக்காதீங்க, அல்சராவும் இருக்கும். "சாகலாம்னு தோணுதுங்களா"ன்னு நேரடியாக் கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் முளைக்காது. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.

"வலி வந்தா வாங்க"ன்னு விடாதீங்க. அப்புறம் வர்றதுக்கே வலி வேண்டியிருக்கும். வலி இருந்தாலும் இல்லாட்டியும் 2 வாரத்துக்கு ஒரு தேதி. ஞாயித்துக்கிழமையா வைங்க, சம்பளம் பிடிக்க மாட்டாங்க.