மறு: 'விரிவு இணைப்பு' - வேறு சொல் உண்டா?

> பாலங்களில் வரும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு 'விரிவு இணைப்பு' போதுமே?

போதாது என்றே படுகிறது ஐயா. காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைப் பாலம் ஏறினால் பேருந்து 'தடக், தடக்' என்னுமே, அந்த இடம்தான் இது. அங்கே எதுவும் இணையவில்லை. ஒட்டக்கூடாது என்றுதான் இடம் விட்டிருக்கிறார்கள். கான்கிரீட்டும் இரும்பும் ஒரு பாகை சூட்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு நீளும். 30 மீட்டர் தளத்துக்கு 30 பாகை கூடினால் சுமார் 11 மில்லிமீட்டர். கொத்தனாரைக் கேட்டால் 'கேப் உடணும்' என்பார். ஜாயின்ட் என்ற பேச்சே அவரிடம் இல்லை.

'விரிவு' மட்டும் இருக்கட்டும். பெருக்கம், வீக்கம் எல்லாம் வேறு சங்கதி. எக்ஸ்பான்ஷனின் இலத்தீன் மூலத்துக்கும் 'வெளியே பரப்புதல்' என்பதுதான் பொருள். பாய் விரிப்பதும் விரிகுடாவும் ஒரே வேர்; விரிசலும் அதே வேர்தான்! தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காதில் விழும் கன்னடத்தில் வகரம் பகரமாகி 'பிரி' (biri) என்று நிற்கும். மொட்டு அவிழ்வதற்கும் அதுதான், வெடிப்பு விடுவதற்கும் அதுதான். தெலுங்கில் 'விரி' என்றாலே பூ. விரிய இடம் கொடுக்காவிட்டால் விரிசல் என்பதை வேரே சொல்லிவிடுகிறது.

இடைவெளி என்ற பொருளில் 'இடை' சேர்த்து, முதலில் 'விரியிடை' என்று எழுதி வைத்தேன். தவறு. வினைத்தொகையாகப் படித்தால் விரிகிற இடை என்றாகும். வெயிலில் விரிவது தளம். இடை சுருங்கவல்லவா செய்யும்? ஆகவே 'விரிவிடை': விரிவுக்கு விட்ட இடை, நான்காம் வேற்றுமைத் தொகை.

'இளகிடை' என்றும் ஓர் ஆசை இருந்தது. சின்ன வயதில் பாலக்கோட்டில் கொல்லர் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறேன். மரச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறுக்கியே இரும்பை வளைத்திருப்பார். சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டி, சிவந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கி மாட்டுவார்கள். குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்ற, புகையும் ஆவியுமாய் ஆரக்கால்கள் 'கிறீச்' என்று இறுகும். "காஞ்சா எளகும், குளுந்தா புடிக்கும்" என்பார். அழகுதான். ஆனால் இளகுவது என்றால் இன்று வெல்லம்தான் நினைவுக்கு வரும். பாலம் இளகுகிறது என்று எழுதினால் யார் ஏறுவார்?

அந்த இடைக்குள் திணிக்கும் ரப்பர் பட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும். 'அடைப்பான்' என்று குறித்து வைத்தேன். மாட்டு நோய்க்கும் அதே பெயர்தானே என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வேறு யாராவது சொல்லுங்கள்.