மேற்குக் கென்யா: டிஏபி போட்டும் மக்காச்சோளம் ஏன் தேறவில்லை?

குறுநிலம்:
சியாயா பக்கம் அரை ஏக்கர் மானாவாரி நிலங்கள். மார்ச் மழைக்கு எச்614 என்ற வீரிய ஒட்டு மக்காச்சோளம் விதைத்து 25 கிலோ டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) அடியுரம் போடுகிறார்கள். ஒரு மாதப் பயிரில் இலை ஊதாவாகி வளர்ச்சி நின்றுவிடுகிறது. 90 கிலோ மூட்டை மூன்று கிடைத்தால் அதிகம். உரத்தைக் கூட்டச் சொல்லலாமா?

மண்வாசி:
வேண்டாம். ஊதா இலை மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை. டிஏபியில் 46 சதம் மணிச்சத்து இருந்தும் குறை தெரிந்தால் மண் அமிலமா என்று பாருங்கள். அமில அளவைக் காட்டும் பிஹெச் 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும், மணிச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் டிஏபி மட்டுமே போட்டால் அதன் அம்மோனியமே அமிலத்தை ஏற்றும். சோதனையில் உறுதியானால் விவசாயச் சுண்ணாம்பு: ஹெக்டேருக்கு 2 டன் கணக்கில் அரை ஏக்கருக்கு 400 கிலோ. விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே தூவிக் கொத்திக் கலக்கணும். டிஏபியோடு ஒரே குழியில் போட்டால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

விதைக்காரர்:
ரகமும் இடிக்கிறது. எச்614 மேட்டு நிலத்துக்கானது: 1500 மீட்டருக்கு மேலே, ஆறேழு மாசப் பயிர். சியாயாவின் பெரும்பகுதி அதற்குக் கீழே. எச்513 மாதிரி நாலைந்து மாச ரகம் போதும். போன அறுவடையில் எடுத்துவைத்த விதையா என்றும் விசாரியுங்கள். வீரிய ஒட்டின் அடுத்த தலைமுறையில் வீரியம் சரிந்து செடிகள் ஏறுக்குமாறாக வரும்.

75-க்கு 25 செ.மீ., குழிக்கு ஒரு விதை என்றால் அரை ஏக்கருக்குச் சுமார் 10,800 குழி. டிஏபி குழிக்கு 2.3 கிராம்தான், சோடா மூடியில் பாதிகூட வராது. அதன்மேல் இரண்டு விரற்கடை மண் தள்ளி விதை போடணும், நேரே பட்டால் முளை கருகும்.

குறுநிலம்:
மேலுரம் யாரும் போடுவதில்லை. பயிருக்கு நடுவே ஊதாப் பூ பூக்கும் களையும் இருக்கிறது.

மண்வாசி:
ஸ்ட்ரைகாவாக இருக்கும், நம்மூர்ச் சோளக்காட்டுச் சுடுமல்லிக்குச் சொந்தம். மண்ணுக்கு மேலே தெரியும் முன்பே வேரில் ஒட்டி உறிஞ்சிவிடும். ஆகவே பிடுங்கினாலும் இந்தப் போகத்துக்குப் பெரிய லாபமில்லை. ஆனாலும் பூக்குமுன் பிடுங்குங்கள், விதை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல் வைப்பதே என் தேர்வு: மெதுவாக வேலை செய்யும், ஆனால் தண்டுத் துளைப்பானும் குறையும், மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு.

மேலுரத்தை விடவே கூடாது, தழைச்சத்து ஸ்ட்ரைகாவின் சேதத்தையும் குறைக்கும். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் 25 கிலோ, பயிர் முழங்கால் உயரம் வந்ததும், களை எடுத்த பிறகு, ஈர மண்ணில், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. குருத்துக்குள் விழுந்தால் இலை கருகும்.

விதைக்காரர்:
ஸ்ட்ரைகாவுக்கென இமாசபைர் என்ற களைக்கொல்லி பூசிய, அந்த மருந்தைத் தாங்கும் ரக விதையும் உண்டு. அதைத் தொட்ட கையோடு ஊடுபயிர் பீன்ஸ் விதையை எடுத்தால் பீன்ஸ் செத்துப்போகும். பீன்ஸை முதலில் போட்டுவிடச் சொல்லுங்கள்.