வளரொளியா, இலையொளியா, ஊட்டொளியா?

மடல் 1: லெமிங்டன், ஒன்டாரியோ

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஒரு கலைச்சொல் வேண்டும், கொஞ்சம் அவசரம். நான் இருப்பது கனடாவில், தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய்க் கண்ணாடிக்கூடங்களுக்குப் பேர்போன ஊரில். 2018 அக்டோபர் 17 அன்று இங்கே கஞ்சா சட்டபூர்வமானது. உரிமம் பெற்று அதை உள்ளரங்கில் வளர்க்கும் ஒரு பண்ணையில் எனக்கு மின்பணி. இந்த மாதம் பழைய சோடியம் விளக்குகளை இறக்கிவிட்டு எல்இடி மாட்டுகிறோம். இங்கு வேலை செய்யும் தமிழர்கள் பதினோரு பேருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். செடி வளர்க்கும் இந்த விளக்குக்குப் பெயர் என்ன?

'வளரும் விளக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியென்றால் வளர்வது விளக்கு. நம் குழுவில் முன்பு வந்த 'வளரொளி'க்கும் அதே கோளாறு. வளர்பிறையில் வளர்வது பிறை; வளரொளியில் ஒளிதான் நாளுக்கு நாள் கூட வேண்டும். சரி, 'வளர்ப்பு விளக்கு'? வளர்ப்பு நாய், வளர்ப்புப் பூனைக்குப் பின்னால் அதுவும் வாலாட்டிக்கொண்டு வருகிறது. மொழிபெயர்ப்புச் செயலியையும் கேட்டுப் பார்த்தேன். எல்இடிக்கு மின்சாரம் தருகிற டிரைவர் பெட்டியை அது மனிதராக்கி, 'ஓட்டுநர் சூடாக இருக்கும்போது தொட வேண்டாம்' என்று எழுதித் தந்தது. நல்ல அறிவுரைதான்.

விளக்கின் பெயராவது பரவாயில்லை. பெரிய தலைவலி ஒளியின் பெயர். கடையில் விளக்கு வாங்கும்போது லூமன் பார்க்கிறோம். லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண் பச்சைக்கும் மஞ்சளுக்கும் அதிக மதிப்பெண் போடும், சிவப்புக்கும் நீலத்துக்கும் கை இறுக்கும். இலை அப்படிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை எந்த நிறத்து ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தாலும் அதற்கு வேலை உண்டு. ஆகவே செடிக்காரர்கள் ஃபோட்டான்களை எண்ணுகிறார்கள், மைக்ரோமோல் கணக்கில். மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை அலகு, மிகமிகப் பெரியது. லூமனில் பார்த்தால் மஞ்சள் சோடியம் விளக்கு எல்இடிக்கு அவ்வளவாகச் சளைக்காது. ஃபோட்டானை எண்ணினால்தான் குட்டு வெளிப்படும். இருமுனை 1000 வாட் சோடியம் ஒரு ஜூல் மின்னாற்றலுக்குச் சுமார் 1.7 மைக்ரோமோல் தரும். நாங்கள் மாட்டுகிற எல்இடி 2.8. நம் வழக்கில் சொன்னால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது 6 மோல், இது 10 மோல். கலிபோர்னியாவில் 2023-இல் நடைமுறைக்கு வந்த, பெரிய உள்ளரங்கப் பண்ணைகளுக்கான மின்சிக்கன விதியே ஜூலுக்குக் குறைந்தது 1.9 மைக்ரோமோல் என்றுதான் எழுதப்பட்டது. சட்டமே இந்த அலகில் பேசும்போது நம்மிடம் இருப்பது 'ஒளிச்சேர்க்கைக்குரிய ஃபோட்டான் பாய அடர்த்தி' என்ற ரயில் வண்டி மட்டும். சுவரில் ஒட்டுகிற தாளில் அதை எங்கே நிறுத்துவது?

என் முன்மொழிவு: இலை பயன்படுத்தும் ஒளி 'இலையொளி'. விளக்கு 'பயிர்விளக்கு'. வெட்டிச் சாய்க்கலாம்.

மடல் 2: ஓசூர்

வணக்கம். பயிர்விளக்கு வேண்டாம், அந்தப் பெயருக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

இரவில் இந்தப் பக்கம் பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், சாமந்தித் தோட்டத்தில் வரிசையாக பல்பு எரியும். அந்த பல்பு செடிக்குச் சாப்பாடு போடவில்லை, செடியை ஏமாற்றுகிறது. சாமந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கத் தோன்றும். நாற்று சின்னதாக இருக்கும்போதே மொட்டு வைத்துவிட்டால் தண்டு குட்டையாக நின்றுவிடும், சந்தையில் விலை போகாது. அதனால் முதல் சில வாரம் ராத்திரியில் சில மணி நேரம் பல்பு போட்டு, இன்னும் இரவு நீளவில்லை என்று நம்ப வைக்கிறோம். அதற்கு மங்கலான வெளிச்சமே போதும். முன்பு குண்டு பல்பு, இப்போது எங்களிடமும் எல்இடிதான்.

உங்கள் கஞ்சாவும் இதே சாதிதானே? பன்னிரண்டு மணி நேர இருட்டு கொடுத்தால் பூக்கும், நடுவில் வெளிச்சம் பட்டால் குழம்பும். உங்கள் விளக்கு ஊட்டுகிறது, எங்கள் பல்பு சைகை காட்டுகிறது. இரண்டையும் பயிர்விளக்கு என்றால் விவசாயி கடையில் எதைக் கேட்பார்?

இன்னொன்று. பள்ளிப் பாடநூலில் இந்தச் செடிகளைக் 'குறும்பகல் தாவரம்' என்று படித்தோம். இரவின் நடுவில் பல்பு போட்டால் பூப்பது நின்றுவிடுகிறது என்றால் செடி எண்ணுவது பகலையா, இரவையா? 'நெட்டிரவுத் தாவரம்' என்பதுதான் சரி. ஆங்கிலத்தில் தப்பாக வைத்த பெயரை நாமும் விசுவாசமாகப் பெயர்த்து வைத்திருக்கிறோம்.

மடல் 3: யாழ்ப்பாணம்

வணக்கம்.

'இலையொளி' காதுக்கு இனிமைதான், ஆனால் நிலவொளி, விளக்கொளி என்று சொல்லிப் பழகிய காது அதை 'இலையிலிருந்து வரும் ஒளி' என்றே கேட்கும். மின்மினிபோல இலை மினுங்குவதாக என் மகள் நினைத்தாள். 'மாட்டுத்தீவனம்' என்றால் மாட்டுக்கான தீவனம்தானே, நான்காம் வேற்றுமைத் தொகையாக எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கலாம். மாட்டுத்தீவனத்தில் குழப்பம் இல்லை, ஏனென்றால் மாடு தீவனம் சுரக்காது. ஒளிக்கு முன்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் அதுதான் ஒளியைத் தருவது என்று தமிழ் கேட்பவர் முடிவு கட்டிவிடுவார்.

ஓசூர் ஐயா தெரியாமலே சொல்லைக் கையில் தந்திருக்கிறார்: உங்கள் விளக்கு ஊட்டுகிறது. 'ஊட்டொளி' என்று வைத்தால் என்ன? வினைத்தொகை. ஊட்டிய, ஊட்டுகிற, ஊட்டும் ஒளி. வளர் என்பது தன்வினை, அதனால்தான் உங்கள் பிறை வளர்ந்தது. ஊட்டு பிறவினை, ஊட்டப்படுவது செடி என்பது தானாகவே விளங்கும்.

நாள் முழுவதும் செடிக்குக் கிடைக்கும் ஒளிக்கும் சொல் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன். 'ஒளித்தொகை' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். நீங்கள் ஒளிச்சேர்க்கை என்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்றுதான் படித்தோம், இரண்டும் மோதும். எல்இடியை நாங்கள் படித்தது 'ஒளிகாலும் இருவாயி' என்று. அதை அந்தத் தாளில் எழுதச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

மடல் 4: சென்னை

சொல்லைப் பற்றி எனக்கு மறுப்பில்லை, எடுத்துக்காட்டைப் பற்றித்தான். நம் குழுவின் தொகுப்பைப் பள்ளி மாணவர்களும் பார்க்கிறார்கள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாவை வளர்ப்பது குற்றம். தக்காளியையோ கீரையையோ எடுத்துக்காட்டாகப் போட்டால் குறைந்தா போய்விடும்? குறைந்தபட்சம் 'சணல்' என்றாவது எழுதலாம்.

மடல் 5: லெமிங்டன்

சென்னை ஐயாவுக்கு முதலில். தொகுப்பில் கீரையைப் போடுங்கள், மனமார. என் தாளில் முடியாது, அறையில் நிற்பது கீரை அல்ல. சணல் மட்டும் வேண்டவே வேண்டாம். நாம் சாக்குத் தைக்கிற சணல் வேறு குடும்பம், வயலில் மடக்கி உழுகிற சணப்பு இன்னொரு குடும்பம், இது மூன்றாவது. ஏற்கெனவே ஆங்கில ஹெம்ப் எல்லாம் தமிழில் சணலாகிப் படுகிற பாடு போதும். நீங்கள் சொன்ன சட்டத்திலேயே கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள்தான். அதனால் நான் 'கஞ்சாச் செடி' என்று எழுதுகிறேன்.

ஓசூர் ஐயா, அந்த சாமந்தி மடலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் பூக்கும் அறையில் இருட்டு நேரத்தில் யாராவது போக வேண்டியிருந்தால் தலையில் பச்சை விளக்குதான் கட்டிக்கொள்வோம். சுவரில் இருக்கிற சின்னச் சிவப்புப் புள்ளி விளக்குக்கும் கறுப்பு டேப். ஏனென்று புதியவர்கள் கேட்பார்கள். இனி 'சைகையொளி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். நெட்டிரவுத் தாவரம் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பாடநூலோடு சண்டை போட இந்தத் தாளில் இடமில்லை.

யாழ்ப்பாணத்து அக்கா, இலையொளியைக் கைவிட்டேன். நான்காம் வேற்றுமையைத்தான் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வர இருந்தேன், அதையும் முன்கூட்டியே பிடுங்கிவிட்டீர்கள். ஊட்டொளியை எழுதிப் பார்த்தேன், மற்ற சொற்களும் அதிலிருந்தே கிளைத்துவிட்டன. விளக்கு, ஊட்டொளி விளக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழுவது, ஊட்டொளிச் செறிவு. ஒரு ஜூலுக்கு விளக்கு தருவது, ஊட்டொளித் திறன். நாள் முழுவதும் சேர்வது, ஊட்டொளி நாளளவு. 600 மைக்ரோமோல் செறிவில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் நாளளவு 26 மோல். மணிக்கூலியை மணியால் பெருக்கினால் நாள்கூலி வருகிற மாதிரிதான், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு குறை உண்டு. 700 நானோமீட்டருக்கு மேலே இருக்கும் கடுஞ்சிவப்பும் மற்ற நிறங்களோடு சேர்ந்து வரும்போது ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. ஊட்டொளியின் எல்லை நாளை நகரலாம். நகரட்டும், சொல்லில் 700 என்று எழுதப்படவில்லையே.

தாளில் இப்போது இருக்கும் பத்தி இது:

"சோடியம் விளக்கு ஊட்டொளியோடு வெப்பத்தையும் இலைமேல் கொட்டியது. எல்இடி அவ்வளவு கொட்டாது, இலை குளிர்ந்திருக்கும். அதனால் அறையின் வெப்பநிலையைச் சற்று உயர்த்தியிருக்கிறோம். பழக்கத்தில் குறைத்துவிட வேண்டாம். கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதை வைத்து விளக்கின் உயரத்தை மாற்ற வேண்டாம். அளவியில் ஊட்டொளிச் செறிவைப் பார்த்த பிறகே மாற்றவும்."

டிரைவர் டிரைவராகவே இருக்கிறார். சோடியம் விளக்கின் சோக்கும் சோக்குதான். டியூப் லைட் காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்த சொல்லை எதற்குத் தொடுவது?

நேற்று மதியச் சாப்பாட்டின்போது தாளைச் சுற்றுக்கு விட்டேன். எல்லாரும் அமைதியாகப் படித்தார்கள். கோவைக்காரத் தம்பி ஒருவர் மட்டும் நிமிர்ந்து, "அண்ணா, ஊட்டொளின்னா ஊட்டியில இருந்து வர்ற லைட்டுங்களா?" என்றார். குறிப்பின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.