லீக்ஸ் சாப்பிட்டால் என்ன பலன்? பச்சை இலையை எறியலாமா?

கேள்வி

வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த லீக்ஸ் உடம்புக்கு நல்லது என்கிறார்கள், எதற்கு நல்லது என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. வெள்ளைத் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே உள்ள கரும்பச்சை இலையைக் கழித்துவிடலாமா? வேகவைத்தால் சத்து போய்விடுமா? வீட்டில் ஒருவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். இன்னொருவருக்கு வெங்காயம் சாப்பிட்டாலே வயிறு உப்பிவிடும். இவர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில் 1

இலையை எறியாதீர்கள். கண்ணுக்கு வேண்டிய லூட்டீன், வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின், வைட்டமின் கே எல்லாம் பச்சையில்தான் அதிகம்.

தண்டும் அடியிலையும் சேர்ந்த 100 கிராம் சமைக்காத லீக்ஸில் சுமார் 61 கலோரி, 47 மைக்ரோகிராம் வைட்டமின் கே, 64 மைக்ரோகிராம் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்), 12 மில்லிகிராம் வைட்டமின் சி, 2 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலேட் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால், காய் என்ற வகையில் இது நல்ல அளவு. நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஃபோலேட் 24, வைட்டமின் சி 4 என்று இறங்கிவிடும். சத்தில் கொஞ்சம் சூட்டில் அழியும், கொஞ்சம் வடிதண்ணீரோடு போய்விடும். அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சூப்பில் சேருங்கள்.

புற்றுநோய் வராது, கொழுப்பு கரையும் என்றெல்லாம் வரும் பேச்சை நம்ப வேண்டாம். லீக்ஸை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது.

பதில் 2

சமைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். தண்டு வெளுப்பாக வளர மண்ணை அணைத்துக்கொண்டே வருவதால், இலை மடிப்புகளுக்குள் மணல் புகுந்திருக்கும். வெளியே கழுவினால் போகாது. வேர்ப்பக்கம் இரண்டு விரல்கடை விட்டு நீளவாக்கில் பிளந்து, இலைகளை விரித்து ஓடும் தண்ணீரில் அலசுங்கள். பச்சையும் வெள்ளையும் சேரும் இடத்தில்தான் மணல் அதிகம். பிறகு அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி 10 நிமிடம் அப்படியே விடுங்கள். நறுக்கும்போது வெளிப்படும் அல்லினேஸ் நொதி கந்தகச் சேர்மங்களை உண்டாக்க அந்த நேரம் வேண்டும். உடனே சூட்டில் போட்டால் நொதி செத்துவிடும்.

அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். கரோட்டினும் வைட்டமின் கேயும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். பச்சை இலை நார் மிகுந்தது, ஆகவே அதை மெல்லிசாக அரிந்து முதலில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து வெள்ளையைச் சேருங்கள். சிறுதீயில் மூடி வைத்தால் இன்னும் பத்து நிமிடத்தில் குழைவாக வரும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகி கசக்கும். ரொம்ப நேரம் விட்டால் வழுவழுவென்று ஆகிவிடும். எதற்கும் அடங்காத முரட்டு நுனியை சூப்புக்குக் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாம்.

கழித்த துண்டுகளை நாய்க்கோ பூனைக்கோ போடவே கூடாது. அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பதில் 3

வார்ஃபரின் எடுப்பவர் லீக்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கேயின் வேலையைத்தான் அந்த மருந்து தடுக்கிறது, அதனால் அளவு ஏறி இறங்கினால்தான் சிக்கல். ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை அளவு) தடுமாறும். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு கீரை, பச்சைக்காய் சாப்பிடட்டும். புதிதாகச் சேர்ப்பதானால் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வேறு மாத்திரைகளான அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் எடுப்பவர்களுக்கு இந்த வைட்டமின் கே கணக்கு இல்லை.

வயிறு உப்புவதற்குக் காரணம் ஃபிரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகிறது. பெரும்பாலானோருக்கு இதுவே நன்மை, குடல் உணர்ச்சி கூடுதலாக உள்ளவர்களுக்கு வாயு. வெள்ளைத் தண்டில் இது அதிகம், பச்சை இலையில் குறைவு. ஆகவே அவருக்கு இலையை மட்டும் சமைத்துக் கொடுங்கள்.

கேட்டவர்

வெள்ளையை சூப்பில் போட்டுவிட்டு, துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டால் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில் 3

ஒத்துக்கொள்ளாது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், சூப்பிலேயே இறங்கிவிடும். எண்ணெயில் கரையாது. மணம் வேண்டுமென்றால் பெரிய துண்டுகளாக, ஈரம் துடைத்து, தண்ணீர் சேர்க்காமல் எண்ணெயில் வதக்கி, துண்டுகளை முழுதாக எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமையுங்கள். மீந்த எண்ணெயை எடுத்து வைக்காமல் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.