உதவி தேவை: ஒரே குட்டையில 15 ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) படகு, சிக்னல் மோதாம ஓட்டுறது எப்படி?

குட்டைக்கரை:
வணக்கங்க. பொள்ளாச்சி பக்கம் தெரிஞ்சவர் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில ஜூலை கடைசி ஞாயிறு எல்லாரும் கூடலாம்னு இருக்கோம். 15 படகு வருது. 5 பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட், மீதி 2.4 கிகாஹெர்ட்ஸ். போன தடவை நான் ரிமோட்டை ஆன் பண்ணதும் நண்பரோட டக் போட் (கப்பலை இழுக்கிற இழுவைப்படகோட மாடல்) தானா திரும்பிக் கரைக்கல்லுல மோதி முன்பக்கம் உடைஞ்சுபோச்சு. பால்சா மரத்துல 8 மாசம் உட்கார்ந்து செஞ்சது. எனக்கு இன்னும் மனசு ஆறல. மறுபடி அப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?

பழைய ரேடியோ:
தம்பி, ரெண்டு செட்லயும் ஒரே கிரிஸ்டல் (அலைவரிசையை முடிவு பண்ற சின்ன பாகம்) இருந்திருக்கும். 27ல வழக்கமா 6 சேனல்தான்: 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். துணி கிளிப் 6 வாங்கி இந்த நிறத்துல பெயின்ட் அடிச்சு, ஒரு பலகையில மாட்டிக் கரையில வைங்க. கிளிப்பைத் தன் ஆன்டெனாவுல மாட்டினவர்தான் ரிமோட்டை ஆன் பண்ணணும். நிறத்துக்கு ஒரே கிளிப். பசங்க கொண்டுவர்ற பொம்மைப் படகையும் விசாரிங்க, அதுலயும் 27 இருக்கும்.
2.4 செட் ஒண்ணோட ஒண்ணு மோதாது. ஆனா தண்ணி அந்த அலையை உறிஞ்சிரும். படகுல இருக்கிற ரிசீவர் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேல நிமிர்த்தி ஒட்டுங்க.

பாய்மரம்:
ஜூலைல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நல்லா வரும். வெயில் ஏற ஏற வேகமும் கூடும். 7 மணியிலிருந்து 9 வரைக்கும் வேகப்படகு, அப்புறம் பாய்மரம்னு பிரிச்சிருங்க. வேகப்படகு கிளப்புற அலையில பாய்ப்படகு ஓட்டவே முடியாது.

குட்டைக்கரை:
அருமைங்க ஐயா, இன்னிக்கே கிளிப் வாங்கிடறேன். இன்னொண்ணு, ஓரத்துல பாசி இருக்கு. புரொப்பெல்லர்ல சுத்திப் படகு நடுவுல நின்னுட்டா? நீச்சல் தெரிஞ்ச பசங்க ரெண்டு பேர் இருக்காங்க.

பழைய ரேடியோ:
வேண்டாம் தம்பி, யாரையும் இறக்காதீங்க. குட்டையில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிருக்கா? விரிச்சிருந்தா சரிவுல பாசி படிஞ்சு, நீச்சல் தெரிஞ்சவங்களும் கால் வழுக்கி ஏற முடியாம தவிப்பாங்க. முடிச்சுப் போட்ட கயிறு நாலு பக்கமும் மரத்துல கட்டித் தண்ணிக்குள்ள விடுங்க. லாரி டியூப் ரெண்டு கரையிலயே கிடக்கட்டும். நின்ன படகுக்கு, டென்னிஸ் பந்துல தங்கூஸ் நரம்பைக் கட்டிப் படகைத் தாண்டி வீசி, மெதுவா இழுங்க. நரம்பு படகைச் சுத்தி வளைச்சுக் கொண்டுவந்துரும்.

மோட்டார் கை:
லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைக் கார்ல வச்சு சார்ஜ் போட விடாதீங்க, தீப்பிடிக்கலாம். பக்கத்துல மணல் வாளி வைங்க. ஒவ்வொரு ஓட்டமும் முடிஞ்சதும் படகு மூடியைத் திறந்து ஆறவிடணும். பேட்டரியில ஒவ்வொரு செல்லும் 3.3 வோல்ட்டுக்குக் கீழ போகக்கூடாது.

குட்டைக்கரை:
ஷீட் விரிச்ச குட்டைதாங்க. தோட்டக்காரர்கிட்ட இப்பத்தான் பேசினேன். சனிக்கிழமை சாயங்காலமே போய்க் கயிறு கட்டிடறோம். டக் போட் நண்பர் முன்பக்கத்தைப் பொருத்திட்டார், அவரும் வர்றார். மஞ்சள் கிளிப் அவருக்குத்தான்.