வியாழக்கிழமை லண்டன் பேங்க் இன்டர்வியூ, என்னத்தப் படிக்கிற?

கல்லடி, லண்டன்: அண்ணாமார், அக்காமார், இன்வெஸ்ட்மென்ட் பேங்க் ஒண்டில அனலிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வந்தாறுமூலை கேம்பஸில காமர்ஸ் படிச்சிட்டு இஞ்ச மாஸ்டர்ஸ் முடிச்சன். கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல.

செங்கலடி, ஈஸ்ட்ஹாம்: மனே, முதல்ல நல்ல கோட் ஒண்டு வாங்கு. நான் வந்த புதுசில பெட்ரோல் செட்டில நைட் வேலை, ஒரு அறையில நாலு பேர். விடியப்புறம் பஸ்ஸுக்கு நிண்டு விறைச்சுப் போவன். கிடைக்கிற வேலையப் பிடி, பேங்க மறுகா பாக்கலாம்.

களுவாஞ்சிக்குடி, டொரண்டோ: அவன் கேட்டது கோட்டப் பத்தி இல்ல அண்ணே. தம்பி, ஏன் எங்கட பேங்க் எண்டு கேட்டா தடுமாறாமச் சொல்லு. கணக்கெல்லாம் உள்ள போய்ப் பழகலாம்.

அக்கரைப்பற்று, லண்டன்: அது போதாது அக்கா. தேய்மானம், அதான் மெஷின் மாதிரிச் சொத்து பழசாகிற செலவு, 10 கூடினா லாப நட்டம், காசோட்டம், ஐந்தொகை எண்ட மூணு ஸ்டேட்மென்ட்டும் என்னாகும் எண்டு கேப்பாங்க. வரி 25 வீதம் எண்டா லாபம் 7.5 குறையும். தேய்மானத்தில காசு வெளிய போறல்ல, 10ஐத் திருப்பிக் கூட்டினா கைக்காசு 2.5 கூடும். சொத்துப் பக்கம் 10 இறங்கி 2.5 ஏறும், மத்தப் பக்கம் சேர்ந்த லாபம் 7.5 இறங்கும். பேப்பர் பாக்காம, வாய்விட்டுச் சொல்லிப் பழகு.

வாழைச்சேனை, மெல்பேர்ன்: என்ன படிச்சு என்ன? ஊர்ல பேங்கில வருஷக்கணக்கா இருந்தன். இஞ்ச லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்ல எண்டு ஒரு வரியில முடிச்சிட்டாங்க.

செங்கலடி, ஈஸ்ட்ஹாம்: அதத்தான் நானும் சொல்றன். வாடகை வேற ஏறிக்கொண்டே போகுது.

கல்முனை, லண்டன்: கொஞ்சம் பொறுங்க. தம்பி, எந்த டிவிஷன் எண்டு நீ சொல்லவே இல்லயே? நேர்லயா, வீடியோவா?

கல்லடி, லண்டன்: கிரெடிட் ரிஸ்க் அக்கா. ஆள் இல்லாம ரெக்கோட் பண்ற வீடியோ.

கல்முனை, லண்டன்: அப்ப டிசிஎஃப்ப, அதான் வருங்காலத்தில வரப்போற காச வச்சுக் கம்பெனிக்கு விலை போடுற கணக்க, ஓரமா வை. வாங்கின கடன இந்தக் கம்பெனி கட்டுமா எண்டதுதான் அங்க கேள்வி. கடன் ஈபிட்டாவில (வட்டி, வரி, தேய்மானமெல்லாம் கழிக்க முந்தின லாபம்) எத்தின மடங்கு, லாபம் வட்டியப் போல எத்தின மடங்கு, கடன் குடுத்தவங்க போட்ட நிபந்தனை, அதான் கோவனன்ட்ல என்ன இருக்கு, இதுகளப் பாரு. இலங்கைப் பொடியன் எண்டா 2022 ஏப்ரலக் கேக்கலாம். டொலர் வத்தி வெளிநாட்டுக் கடன நிப்பாட்டினது, 2024 டிசம்பரில பழைய பொண்டுக்கு, அதான் கடன் பத்திரத்துக்குப் பதிலா ஜிடிபியோட சேர்ந்து கட்டுத்தொகை மாறுற பொண்டு குடுத்தது, ரெண்டையும் ரெண்டு நிமிஷத்தில சொல்லிப் பழகு. பெட்ரோல் லைன்ல நிண்ட ஊர்ப் பிள்ளை சொன்னா அதில உயிர் இருக்கும். ஊர்ல படிச்ச இலங்கைக் கணக்கு விதி எஸ்எல்எஃப்ஆர்எஸ், சர்வதேச விதி ஐஎஃப்ஆர்எஸ்ஸ ஒட்டினதுதான், அதையும் விடாமச் சொல்லு. ஸ்கிரீன்ல உன்ட முகத்தப் பாக்காத, கமெராவப் பாரு. நாளைக்குப் பின்னேரம் ஏழு மணிக்கு மெசேஜ் போடு, நான் கேள்வி கேக்கிறன்.